வடிவமா, முத்திரையா, வலையா: கடலில் கிடைத்த ரோமானியத் தட்டுகளுக்கு எந்தப் பட்டியல் சரி?

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், விட்ஸ்டபிள், ஹெர்ன் பே ஊர்களுக்கு எதிரே, தேம்ஸ் முகத்துவாரத்தில் ‘புட்டிங் பேன் பாறை’ என்று ஓர் ஆழங்குறைந்த திட்டு இருக்கிறது. சிப்பி வாரும் படகுகள் அந்தப் பக்கம் போனால், சிப்பியோடு சிவந்த மெருகேறிய மண் தட்டுகளும் கிண்ணங்களும் மேலே வரும். 18ஆம் நூற்றாண்டில் அக்கம்பக்கத்து வீடுகளில் அவை அடுப்படியிலேயே புழங்கின என்பார்கள். மாசசூசெட்ஸின் ஆளுநராக இருந்து ஓய்வுபெற்ற தாமஸ் பௌனல் 1770களில் இதைத் துருவிப் பார்த்து எழுதினார். அன்று தொடங்கிய வாக்குவாதம் நெடுநாள் நீடித்தது. கடலில் மூழ்கிய தீவொன்றில் குயவர் பட்டறை இருந்ததா, அல்லது தட்டு ஏற்றி வந்த கப்பல் ஒன்று அங்கே கவிழ்ந்ததா என்பதுதான் வழக்கு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ரெஜினால்ட் ஸ்மித் கிடைத்தவற்றைத் தொகுத்து எழுதினார். ஒரு மூழ்காளியும் கீழே இறங்கித் தேடினார். கப்பல் அகப்படவில்லை.

தட்டுகள் எங்கே செய்யப்பட்டவை என்பதில் இன்று சந்தேகம் இல்லை. பிரான்சின் நடுப்பகுதியில், கிளெர்மான்-ஃபெரான் நகருக்கு அருகே உள்ள லெஸூ என்ற ஊரின் சூளைகளில், பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சுட்டவை. ரோமானியர் சாப்பாட்டு மேசையில் வைத்த செந்நிற மெருகுப் பாண்டம் இது. ஆய்வாளர்கள் டெரா சிகிலாட்டா என்பார்கள். பிரிட்டனில் சாமியன் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பல நூறு கலங்கள் மேலே வந்துவிட்டன. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. சில லண்டனில், சில கென்டின் சிறு அருங்காட்சியகங்களில், சில இன்னும் வீட்டு அலமாரிகளில்.

இப்படிப்பட்ட நூறு கலம் ஒரு சிறிய கடலோர அருங்காட்சியகத்தின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் போட வேண்டும். பணம் குறைவு, ஆள் ஒருவர், காலம் சில மாதம். முதல் கட்டத்தில் எதை எழுதுவது? எதன்படி அடுக்குவது? இதற்கு நான்கு விதமான ஆலோசனை கிடைக்கும். நான்கிலும் நியாயம் உண்டு. ஆனால் நான்கும் சம எடை கொண்டவை அல்ல.

நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே. கலத்தைக் கையில் எடுத்துப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதக்கூடிய செய்தி எது? இன்று எழுதாவிட்டால் பிறகு யாராலும் எழுத முடியாத செய்தி எது? இரண்டாவது வகைக்கே முதல் இடம்.

வடிவத்தின்படி அடுக்கினால்

இதுதான் பழைய வழி; முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான். 1895இல் ஹான்ஸ் டிராகென்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பாண்டங்களின் வடிவங்களுக்கு 1 முதல் 55 வரை எண் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அவர் விட்டவற்றைச் சேர்த்தார்கள். அதனால்தான் ஒரே அலமாரியில் டிராகென்டார்ஃப் 31, வால்டர்ஸ் 79, கர்ல் 15 என்று மூன்று பேர் பெயர் தாங்கிய தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த முறையின் பலம் அதன் பரவல். டிராகென்டார்ஃப் 33 என்று எழுதினால், ஸ்பெயினில் படிப்பவருக்கும் ருமேனியாவில் படிப்பவருக்கும் கூம்பு வடிவக் கோப்பை ஒன்று கண்முன் வந்துவிடும். 38 என்றால் வயிற்றைச் சுற்றி விளிம்புப் பட்டை வைத்த கிண்ணம். 36 என்றால் வளைந்த விளிம்பில் களிமண் குழம்பால் இலைக் கொடி இழைத்த தட்டு. மொழி தேவையில்லை, எண் போதும். புதிதாக வருகிற தன்னார்வலர்கூடச் சில நாளில் பழகிவிடுவார்.

பலவீனமும் அங்கேயேதான். எண்கள் வெறும் வரிசை எண்களே. ஒரு வடிவம் இன்னொன்றாக மாறுவதை அவை காட்டாது. 18 என்ற தட்டு காலப்போக்கில் ஆழமாகி 31 என்ற கிண்ணமாகிறது. நடுவில் நிற்பதை 18/31 என்று எழுதுகிறார்கள். எங்கே 18/31 முடிந்து 31 தொடங்குகிறது என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. இரண்டு பேர் தனித்தனியாகப் பட்டியல் போட்டால் எல்லைக் கலங்கள் இடம் மாறும். புட்டிங் பேன் சரக்கில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. அது அநேகமாக முழுவதும் அலங்காரமற்ற சாதாரணக் கலம். சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. வடிவத்தின்படி பிரித்தால் ஐந்தாறு குவியல் கிடைக்கும், ஒவ்வொரு குவியலுக்குள்ளும் எல்லாம் கலந்து கிடக்கும். அப்படிப் பிரித்ததால் நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

தவிர, வடிவம் எங்கும் போய்விடாது. கலம் உடையாத வரை ஐம்பது ஆண்டு கழித்து வருபவரும் அதைப் பார்த்து எண் எழுதலாம். என் அளவுகோலில் இது பின்னால் நிற்க வேண்டியது.

தெற்கு பிரான்சில் லா கிராஃபெசென்க் என்ற பெரிய குயவர் குடியிருப்பில் சூளைக் கணக்குகள் கிடைத்துள்ளன. தட்டின் மேலேயே கீறி எழுதியவை. பல பேருடைய பாண்டத்தை ஒரே சூளையில் ஏற்றிச் சுடும்போது யாருடையது எத்தனை என்று குழப்பம் வரக்கூடாதல்லவா, அதற்காக எழுதினார்கள். குயவர் பெயர், கலத்தின் பெயர், அதன் அளவு, எண்ணிக்கை என்று வரிக்கு வரி போகிறது. ஒரு சூளைக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் வரை. டிராகென்டார்ஃப் எண்களில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: அளவு. செய்தவர்களுக்கு ஒரே வடிவத்தின் பெரியதும் சிறியதும் வேறு வேறு சரக்கு. ஆகவே வடிவ எண்ணை மட்டும் எழுதிவிட்டு விளிம்பு விட்டத்தையும் உயரத்தையும் அடி விட்டத்தையும் எழுதாத பட்டியல், அந்தக் குயவர் கணக்கைவிடக் குறைந்த செய்தியைத் தான் தருகிறது. மில்லிமீட்டரில் மூன்று எண். ஒரு கலத்துக்கு இரண்டு நிமிடம் பிடிக்காது.

முத்திரையின்படி அடுக்கினால்

பல சிகிலாட்டா கலங்களின் உட்புற நடுவில் குயவர் பெயர் குத்திய சிறு முத்திரை இருக்கும். பிரையன் ஹார்ட்லியும் பிரெண்டா டிக்கின்சனும் பல பத்தாண்டு உழைத்துத் தொகுத்த முத்திரை அகராதி 2008 முதல் 2012 வரை 9 தொகுதிகளாக வந்தது. அதில் ஒரு குயவர் வைத்திருந்த ஒவ்வோர் அச்சுக்கும் தனி எண் உண்டு. அந்த அச்சு எங்கே, ஏறத்தாழ எந்தக் காலத்தில் பயன்பட்டது என்றும் இருக்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலிருந்து இயங்கும் இணையத் தரவுத்தளத்திலும் இவற்றைத் தேடலாம்.

காலம் கணிக்க இதைவிடக் கூர்மையான கருவி இந்தப் பாண்டத்துக்கு இல்லை. இரண்டு தட்டில் ஒரே அச்சு விழுந்திருந்தால் அவை ஒரே பட்டறையின், அடுத்தடுத்த காலத்தின் சரக்கு. கடலில் எடுத்த கலங்களுக்கு இது மேலும் முக்கியம். நூறு கலத்தில் தொண்ணூறு ஒரு காலத்தைக் காட்டி, பத்து மட்டும் ஒரு தலைமுறை முந்தியதைக் காட்டினால், அந்தப் பத்தும் வேறொரு கப்பலிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற கேள்வி எழும். வடிவப் பட்டியலில் அந்தக் கேள்வி எழவே எழாது.

ஆனால் முத்திரையை முதுகெலும்பாக வைத்துப் பட்டியல் கட்டினால், முத்திரை இல்லாதவை கடைசியில் ‘இதர’ என்று ஒதுங்கிவிடும். டிராகென்டார்ஃப் 35, 36 போன்ற வடிவங்களில் பொதுவாக முத்திரையே குத்துவதில்லை. குத்தியவற்றிலும் மணலும் நீரோட்டமும் உரசி உரசி எழுத்தை வழித்திருக்கும். சிலவற்றில் கடற்புழுவின் சுண்ணாம்புக் கூடு அதன் மேலேயே வளர்ந்திருக்கும். ஒரு சரக்கின் கணிசமான பகுதியை மூலையில் தள்ளுகிற அடுக்குமுறை எனக்கு ஒப்பாது.

இன்னொரு ஆபத்து, படிப்பவர் அவசரப்பட்டுப் பெயரை முடித்து எழுதிவிடுவது. முத்திரையில் தெரிவது நான்கு எழுத்து. பட்டியலில் ஏறுவது முழுப்பெயர். அடுத்தவர் அந்த முழுப்பெயரை நம்பிக் காலம் கணிப்பார். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கட்டத்திலும், நாம் ஊகித்த பெயர் வேறொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது.

சில முத்திரைகள் எவ்வளவு பாரத்தைச் சுமக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியச் சிகிலாட்டா ஓடுகள் சில கிடைத்தன. விபி, காமூரி, இத்தா என்று முத்திரை குத்தியவை அவற்றில் உண்டு. அந்தச் சில ஓடுகளின் காலத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த ஊரின் காலத்தையும், அதன் வழியே தென்னிந்தியப் பானை வகைகளின் காலத்தையும் நிறுத்தினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டிப் பார்த்து, குடியிருப்பு வீலர் நினைத்ததைவிட முன்னதாகவே தொடங்கியது என்றனர். முத்திரை பொய் சொல்லவில்லை. ஓடு எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்று சொல்ல முடியும்.

மண்ணைப் பார்த்து அடுக்கினால்

நிலத்தில் தோண்டியெடுத்த ஓடுகளுக்கு பிரிட்டனில் இதுவே முதல் படி. உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்து, களிமண்ணின் நிறம், துகள், சுண்ணாம்பு, மைக்கா எல்லாம் குறித்து, எந்தச் சூளைப் பகுதி என்று பிரிப்பார்கள். 1998இல் வெளிவந்த ரோமானியப் பாண்ட மண் வகைகளின் தேசியக் கையேடு இதற்கு அடிப்படை.

முழுசாகக் கிடைத்த கலத்துக்கு இது அவ்வளவாக உதவாது. புது உடைப்பு வேண்டும். முழுத் தட்டின் விளிம்பைக் கொறடால் கிள்ள எந்தக் காப்பாளரும் விடமாட்டார். கையடக்க எக்ஸ்ரே கருவியை மேற்பரப்பில் வைத்தால் அது பூச்சையும் கடல் ஏற்றிய உப்பையும் சேர்த்துத்தான் அளக்கும். ஏற்கெனவே சிதைந்த கலம் இருந்தால் அந்த உடைப்பைப் பாருங்கள். மற்றவற்றுக்கு ‘பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

எப்படி மேலே வந்தது என்பதன்படி அடுக்கினால்

நான்காவது வழி பலருக்குச் சலிப்பூட்டும். கலத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அது வந்த நிகழ்வைப் பற்றி எழுதுவது. எந்த ஆண்டு, எந்தப் படகு, சிப்பி வாரும் வலையா இழுவலையா, ஒரே இழுப்பில் வேறென்ன ஏறியது, யார் யார் கை மாறி இங்கே வந்தது, பழைய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண். கலங்கள் அந்த எண்ணின் கீழ் பிள்ளைகள்.

புட்டிங் பேன் போன்ற சரக்குக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இந்தச் செய்தி எதுவும் கலத்தின் மேல் இல்லை. கொடுத்தவர் இறந்தால், சீட்டு உரிந்தால், பதிவேட்டின் பக்கம் நனைந்தால் அதோடு சரி. வடிவம் காத்திருக்கும். முத்திரையும் காத்திருக்கும். இது காத்திருக்காது.

இன்னொரு காரணம், வலை ஒரு நடுநிலையான சாட்சி அல்ல. மீனவர் முழுத் தட்டை வீட்டுக்குக் கொண்டு போவார், உடைந்த ஓட்டைக் கடலிலேயே வீசுவார். ஆகவே அருங்காட்சியகத்தில் இருப்பது கப்பலின் சரக்கு அல்ல. மீனவருக்கும் பிறகு சேகரிப்பாளருக்கும் பிடித்துப்போன சரக்கு. எளிதில் நொறுங்கும் மெல்லிய கோப்பை குறைவாகவும் தடித்த கிண்ணம் அதிகமாகவும் தெரியலாம். எந்தக் கலம் எந்தக் கையின் வழியே வந்தது என்று தெரிந்தால்தான் இந்தச் சாய்வைக் கணக்கில் கொள்ள முடியும்.

இடத்தையும் சூழலையும் விட்டுவிட்டு வகையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மார்சேய்க்கு அருகிலுள்ள கிராண்ட் கோங்லூவே என்ற பாறைத் தீவு நல்ல பாடம். 1952 முதல் ஜாக் கூஸ்தோவின் மூழ்காளிகள் அங்கே கடலடியில் வேலை செய்தார்கள். தொல்லியல் பொறுப்பு ஃபெர்னாண்ட் பெனுவாவிடம். தென் இத்தாலியின் கம்பானியாவில் செய்த கருப்பு மெருகு உணவுத் தட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்தன; மது ஜாடிகளும் வந்தன. நீருக்கடியில் அகழாய்வு என்பதே அப்போது புதிது. எது எந்த ஆழத்தில், எதற்கு மேலே கிடந்தது என்ற பதிவு இன்றைய தரத்தில் இல்லை. எல்லாம் ஒரே கப்பல் என்றார் பெனுவா. ஆனால் தட்டுகள் ஒரு காலத்தைக் காட்டின, ஒரு பகுதி ஜாடிகள் வேறு காலத்தைக் காட்டின. 1980களில் லுக் லோங் பழைய குறிப்புகளையும் படங்களையும் மீண்டும் அலசி, ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூழ்கிய இரண்டு கப்பல்கள் என்று காட்டினார். முப்பது ஆண்டு வாக்குவாதம், முதல் நாளில் எழுதாமல் விட்ட சில வரிகளால்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பொம்பேயில் 1881இல் பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ‘கால்’ என்று ரோமானியர் காலத்தில் அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியில் செய்த அலங்காரக் கிண்ணங்கள் 90, கூடவே விளக்குகள். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது அது இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அந்தக் கிண்ணங்களைத் தனித்தனியாக வடிவ வாரியாகப் பிரித்து எங்கெங்கோ வைத்திருந்தால் சாதாரணக் கிண்ணங்கள்தான். ஒரே பெட்டி என்ற ஒரு வரிதான் அவற்றை இன்றும் மற்றவற்றுக்குக் காலம் சொல்லும் அளவுகோலாக வைத்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பு எல்லாக் கடல் சரக்குக்கும் பொருந்துமா? பொருந்தாது. ஸ்பெயினின் கட்டலோனியக் கரையில், கிரெயூஸ் முனையில் உள்ள குலிப் 4 என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் ஷாவியர் நியெத்தோ குழுவினர் முறையாகக் கட்டம் போட்டு அகழ்ந்தது. லா கிராஃபெசென்க் சிகிலாட்டா ஆயிரக்கணக்கில், தென் ஸ்பெயினின் மெல்லிய கோப்பைகள், எண்ணெய் ஜாடிகள், ரோமில் செய்த விளக்குகள் எல்லாம் அதில் இருந்தன. அங்கே ஒவ்வோர் ஓட்டுக்கும் இடம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நிகழ்வு ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட சரக்கில் முதலில் மண்ணும் வடிவமும், பிறகு முத்திரை என்று போவதே வேகம். ஒரே கப்பலில் மூன்று பகுதிகளின் சரக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கும் அதுதான் விடை தரும். வலையில் வந்தவைக்கு நிகழ்வு, அகழ்ந்தவைக்கு வகை. இரண்டும் கலந்திருக்கும் அருங்காட்சியகம் இரண்டு விதமாகவே பட்டியல் போடட்டும். ஒரே அச்சில் வார்க்க வேண்டாம்.

எண்ணுவதா, நிறுப்பதா

எத்தனை கலம் என்று சொல்வதிலும் நான்கு வழி. ஓடுகளை எண்ணலாம், எடை போடலாம், குறைந்தபட்சம் எத்தனை கலம் இருந்திருக்கும் என்று விளிம்புகளை வைத்துக் கணக்கிடலாம், அல்லது விளிம்பு வட்டத்தில் எத்தனை சதவீதம் எஞ்சியிருக்கிறது என்று அளந்து கூட்டலாம். கடைசி முறையைப் பாண்ட ஆய்வாளர் கிளைவ் ஆர்ட்டன் பெரிதும் வலியுறுத்தினார். நொறுங்கிப்போன நிலத்து ஓடுகளை வேறு இடத்து ஓடுகளோடு ஒப்பிட அதற்கு இணையில்லை.

முழுக் கலத்துக்கு விளிம்பு நூறு சதவீதம். கூட்டினால் கலங்களின் எண்ணிக்கையே திரும்ப வரும். அந்த உழைப்பு வீண். குலிப் போன்ற ஓட்டுக் குவியலுக்குக் குறைந்தபட்சக் கலக் கணக்கும் விளிம்புச் சதவீதமும் இரண்டும் போடலாம். எடையைத்தான் கடல் சரக்கில் நம்பக்கூடாது. ஒட்டிய சிப்பியும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து ஒரு தட்டின் எடையைத் தாறுமாறாக்கும். உப்பு நீக்கி உலர்த்துவதற்கு முன் நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம். நிறுத்தால், எந்த நிலையில் நிறுத்தோம் என்று அருகில் எழுதாத எடை வெறும் எண்.

கழுவுவதற்கு முன்

பட்டியல் போடுகிறவருக்கும் பாதுகாப்புப் பிரிவினருக்கும் வழக்கமாக உரசல் வருவது இங்கேதான். பட்டியல்காரர் முத்திரை தெரிய வேண்டும் என்பார். ஒட்டியதைச் சுரண்டச் சொல்வார், அல்லது நீர்த்த அமிலத்தில் ஒரு முக்கு முக்கச் சொல்வார்.

அமிலத்துக்கு நான் எதிரி. 2ஆம் நூற்றாண்டின் லெஸூ கலங்கள் சுண்ணாம்பு கலந்த களிமண்ணால் ஆனவை. சிப்பி ஓட்டைக் கரைக்கிற அமிலம் கலத்துக்குள்ளும் புகும். மேற்பூச்சு அடியிலிருந்து கழன்று வரும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் புழுக்கூடும் சிப்பியும் கொட்டலசும் அழுக்கு அல்ல, ஆவணம். உயிரினம் நீர் படும் பக்கத்தில்தான் வளரும்; சேற்றில் புதைந்த பக்கம் சுத்தமாக இருக்கும். கலம் நிமிர்ந்து கிடந்ததா, கவிழ்ந்ததா, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நிலையிலேயே பாதி புதைந்திருந்ததா என்பதை இந்த எல்லைக்கோடு சொல்லும். அடுக்கின் நடுவில் இருந்த தட்டில் விளிம்பில் மட்டும் வளையமாக வளர்ச்சி இருக்கும். கப்பலே கிடைக்காத நிலையில், சரக்கு எப்படி அடுக்கியிருந்தது என்பதற்கு எஞ்சிய ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம்.

உப்பு வேறு விஷயம். அதை எடுத்தே ஆக வேண்டும். கடலிலிருந்து வந்த கலத்தை அப்படியே காயவிட்டால் உள்ளே ஊறிய உப்பு படிகமாகி, பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நீரில் உள்ள உப்பை உணர்த்தும் கடத்துத்திறன் மானி காட்டும் எண் இறங்கி நிலைக்கும் வரை பொறுக்க வேண்டும். நூறாண்டாக அலமாரியில் இருக்கிற பழைய கலங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது; அவற்றை மறுபடி நனைக்கலாமா என்பதைப் பாதுகாப்புப் பிரிவினர்தான் சொல்ல வேண்டும்.

எனவே வரிசை இது: வந்த நிலையில் எல்லாப் பக்கமும் படம், வளர்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு சிறு கோட்டுப்படம், பிறகு உப்பு நீக்கம். முத்திரை மேல் ஒட்டியதை மட்டும், அதுவும் காப்பாளர் சம்மதித்தால், கருவியால் மெல்ல எடுக்கலாம்.

படமா, கோடா, முப்பரிமாணமா

முத்திரைக்கு மூன்று வழி. மெல்லிய தாளை மேலே வைத்துக் கிராஃபைட் தேய்த்து எடுக்கும் பதிவு, சாய்வெளிச்சத்தில் புகைப்படம், பல கோணங்களில் விளக்கை நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் ஒளியைத் திருப்பிப் பார்க்கும் முறை. மூன்றாவது முறை, தேய்ந்த முத்திரைக்கு அற்புதம். கண்ணால் படிக்க முடியாத எழுத்து சில நேரம் அதில் எழுந்து வரும். ஆனால் நூறு கலத்துக்கும் அது வேண்டியதில்லை. ஹார்ட்லி, டிக்கின்சன் தொகுதிகளில் முத்திரைகள் தேய்ப்புப் படிகளாகவே அச்சாகியிருக்கின்றன. நம்முடையதும் அதே முறையில், அசல் அளவில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கலாம். தேய்ப்பும் ஒரு புகைப்படமும் எல்லாவற்றுக்கும். தகராறு பிடிப்பவற்றுக்கு மட்டும் ஒளி திருப்பும் முறை.

முழுக் கலத்துக்கு, ஒரு பாதி வெட்டுமுகமும் மறுபாதி வெளித்தோற்றமும் காட்டும் கோட்டுப்படம்தான் இன்றும் இத்துறையின் பொதுமொழி. புகைப்படங்களைத் தைத்து உருவாக்கும் முப்பரிமாண வடிவம் பார்க்க அழகு. ஆனால் சிகிலாட்டாவின் மெருகு வெளிச்சத்தைத் தெறிக்கவிட்டு மென்பொருளைக் குழப்பும். துருவ வடிகட்டிகள் போட்டுச் சமாளிக்க வேண்டும். கோப்புகளைக் காப்பதும் தனிச் செலவு. நொறுங்கும் நிலையில் உள்ள கலங்களுக்கும், கடல் வளர்ச்சியை அப்படியே பதிய வேண்டிய சில கலங்களுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். பணம் மிஞ்சினால் மற்றவற்றுக்கு.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூறு கலத்துக்கு விரிதாள் போதும், மூன்று தாள் இருந்தால்: நிகழ்வு, கலம், முத்திரை. மூன்றையும் எண்ணால் கோர்க்க வேண்டும். ஒரே நீண்ட தாளில் எல்லாவற்றையும் திணித்தால் ஒரு படகின் பெயர் நாற்பது இடத்தில் நாற்பது விதமாக எழுதப்பட்டிருக்கும். பழைய பதிவு எண்களை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம் எண்ணில் சேர்ந்த ஆண்டும் மாதமும் நாளும் பொதிந்திருக்கும். அந்த எண்ணை வைத்தே ஒன்றாக வந்த கலங்களைத் திரும்பச் சேர்க்கலாம்.

ஒரு முடிவை மட்டும் இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன்: இடத்தை வெளியிடுவதா? பிரிட்டனில் கடலில் கிடைத்த கப்பல் பொருளை 28 நாளுக்குள் அதற்கான அரசு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கை எண் நிகழ்வுத் தாளில் ஏற வேண்டும், அதில் தகராறில்லை. துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொதுப் பட்டியலில் போட்டால் இரவில் மூழ்குபவர்களுக்கு வழி காட்டியதாகும். போடாவிட்டால் நாளை கப்பலைத் தேடும் ஆய்வாளருக்குக் கதவு அடைபடும். துல்லிய இடத்தை உள்பதிவில் வைத்து, வெளியே ஒரு பெரிய கட்டத்தின் எண்ணை மட்டும் காட்டுவது பல இடங்களில் வழக்கம். அந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்தந்தக் கடற்கரையின் மீனவர்களையும் மூழ்குபவர்களையும் அறிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவு செய்த தேதியையும் பதிவில் எழுதிவிடுங்கள்.